தரிசு என்று எழுதிய கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரத் தொடங்கும். நேற்று மாவட்டத்தில் எங்கெங்கே எவ்வளவு மழை என்று ஒரு பட்டியல். கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'சராசரி'. அந்தக் கட்டத்தை நான் தவறவிட்டதே இல்லை. சராசரி நன்றாக வந்திருக்கிறதே என்று வாசலுக்கு வந்து பார்த்தால் எங்கள் காட்டு மண் காற்றில் பறந்துகொண்டிருக்கும். உடுமலைக்குத் தெற்கே மலையடியில் கொட்டித் தீர்த்த மழையை வெள்ளகோவிலோடு சேர்த்து வகுத்தால் அப்படித்தான் வரும். உங்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்ததை அச்சடிக்கிறீர்கள். மாவட்டம் என்றால் ஒரே துண்டு நிலம் என்று நினைக்கும் பழக்கம் எங்கிருந்து எங்கெல்லாம் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.

நான் பிறந்தபோது எங்கள் ஊர் கோயமுத்தூர் மாவட்டம். வால்பாறையும் நாங்களும் ஒரே சராசரியில் இருந்தோம். அங்கே வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இங்கே 600 எட்டினால் நல்ல வருசம். 1979-ல் பெரியார் மாவட்டம் உண்டானபோது அதற்குப் போனோம். பிற்பாடு அதன் பெயர் ஈரோடு ஆயிற்று. 2009-ல் திருப்பூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். இத்தனைக்கும் நாங்கள் இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. செம்மண்ணும் சுக்கான்கல்லும் அப்படியே இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றும் அப்படியே. அந்தக் காற்று மழையைக் கேரளத்திலேயே இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வரும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

இப்போதைய மாவட்டத்துக்குள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த மலைக்காடு இருக்கிறது. அமராவதி பாயும் நெல்வயல் இருக்கிறது. சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியுமாக ஒரு பெருநகரம் இருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் எங்கள் மேய்ச்சல் காடுகள் இருக்கின்றன. இந்த நான்குக்கும் ஒரே 'மாவட்டச் சுற்றுச்சூழல் திட்டம்' என்றால், ஒரே அளவு சட்டையை நாலு பேருக்குத் தைப்பது போலத்தான். பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைப் பற்றி. 1986-ல் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, காங்கேயம், தாராபுரம் வட்டங்களில் ஆறு கிராமங்கள் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் இன்றைக்கும் மணியகாரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மணியகாரனின் முக்கால்வாசி வாழ்க்கை அடங்கலில் போகும். கிராமக் கணக்கு எண் 2. ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே, இந்தப் பசலியில், அதாவது வருவாய்த்துறைக் கணக்கு வருசத்தில், என்ன பயிர், எத்தனை ஏக்கர், தண்ணீர் எங்கிருந்து என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை அன்றைக்கு மேலதிகாரி கூட்டிப் பார்ப்பார். கூட்டு சரியாக வந்தால் ஒப்பம். நிலத்தைப் பற்றிய கேள்வி அத்தோடு முடிந்தது.

பயிர் இல்லாத பட்டா நிலத்துக்கு என்ன எழுதுவது? இந்த வருசம் மட்டும் சும்மா கிடந்தால் 'நடப்புத் தரிசு'. சில வருசமாகச் சும்மா கிடந்தால் 'இதர தரிசு'. ஐந்து வருசத்துக்கு மேல் போனால் 'சாகுபடிக்கு ஏற்ற தரிசு'. நாடு முழுவதும் புள்ளிவிவரத்துக்கு நிலத்தை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மேய்ச்சல் நிலம் என்றும் ஒரு வகை உண்டு. ஆனால் நான் பார்த்தவரை அந்தக் கலத்தில் மேய்ச்சல் புறம்போக்கைத் தவிர வேறெதையும் யாரும் எழுதியதில்லை. பட்டா நிலத்தில் ஒருவன் வேண்டுமென்றே புல்லை வளர்த்து வைத்திருப்பான் என்பது படிவம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

எங்கள் வட்டாரத்தில் அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள். அதன் பெயர் கொறங்காடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலைந்து ஏக்கர் நிலம், சுற்றிலும் உயிர்வேலி. முள்கிளுவைக் குச்சியை நெருக்கமாக ஊன்றி விட்டால் அது தழைத்து, பின்னி, ஆட்டுக்குட்டி நுழைய முடியாத சுவராக நின்றுவிடும். வருசத்துக்கு ஒரு முறை கழித்துவிட்டால் போதும், மூன்று தலைமுறைக்கு வரும். உள்ளே போக ஒரே ஒரு கடவு. அதற்கு ஒரு படல். நிலம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரங்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும், யாரும் வரிசையாக நட்டதில்லை. முளைத்ததில் வேண்டியதை விட்டு வேண்டாததை வெட்டியது. ஒருவரிடம் இப்படி மூன்று நான்கு காடுகள் இருக்கும். ஒன்றில் மேய்த்து, புல் தரைக்கு வந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். முதலில் கறவையும் கன்றும், பின்னால் எருமை, கடைசியில் செம்மறி. மாடு விட்ட குட்டைப் புல்லைச் செம்மறி கடிக்கும்.

கோடையில் வந்து பார்த்தால் வெறும் மண்தான் தெரியும். புல் வேரோடு ஒட்டிக் காய்ந்து, சாம்பல் நிறத்தில், காலால் எத்தினால் பொடியாக உதிரும். அப்போதுதான் வெள்வேலங்காய் பழுக்கும். தொரட்டியால் கிளையை உலுக்கினால் சடசடவென்று கொட்டும். ஆடுகள் அந்தச் சத்தத்துக்கே ஓடிவரும். சித்திரை, வைகாசியைக் கடத்துவது அந்தக் காய்தான். பிறகு ஒரு மழை. மூன்றாம் நாள் அடித்தூர்களில் பச்சை கட்டும். பத்தாம் நாள் மாட்டை உள்ளே விடலாம். விதைக்கவில்லை, உரம் போடவில்லை, கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு இறைக்கவில்லை. காங்கேயம் காளை என்று ஊர் உலகமே புகழ்கிறதே, மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறம் பார்த்து விலை பேசுகிறார்களே, அந்த மாடு இந்தப் புல்லில் உருவானது. மாட்டைக் காப்பாற்ற மாநாடு கூட்டுகிறார்கள். மாடு நின்ற இடத்தைப் பற்றி மேடையில் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

1991 மாசி மாதம் என்று நினைவு. பயிராய்வுக்குப் போயிருந்தேன். ஒரு கொறங்காட்டுக் கடவருகே சைக்கிளை நிறுத்தி, படல் மேலேயே அடங்கலை விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டுக்காரப் பெரியம்மா மாட்டோடு வந்தார்.

"என்னங் மணியகாரரே, எங்காட்டுக்கு என்ன எழுதறீங்?"

"தரிசுன்னு எழுதறனுங்க ஆத்தா."

"தரிசுன்னா?"

"பயிர் வெக்காம சும்மா கெடக்கறதுங்க."

அவர் ஒரு நிமிசம் என்னையும் அடங்கலையும் பார்த்தார். "சும்மாவா கெடக்குது? அப்ப என்ற மாடு நாலும் எதையத் திங்குதுங்?" என்று கேட்டுவிட்டுப் படலைத் திறக்க ஆரம்பித்தார். நான் அடங்கலை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். மாடுகள் உள்ளே போயின. தரிசு என்று எழுதியதை அடிக்கவில்லை. அடித்துவிட்டு என்ன எழுதுவது? படிவத்தில் அதற்குச் சொல் இல்லை. இன்னொரு வேடிக்கை: நல்ல மழை வருசத்தில் அதே காட்டின் ஒரு மூலையை உழுது கொள்ளு விதைப்பார்கள். அந்த வருசம் மட்டும் அது 'பயிர்'. அறுத்த மறு வருசம் மறுபடியும் தரிசு. புல் செழித்து நிற்பதெல்லாம் தரிசுக் கணக்கில், புல்லைக் கிழித்து உழுதது மட்டும் சாகுபடிக் கணக்கில். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பேச்சில் சொல் இருக்கிறது. வாய்க்கால் பாய்ந்தால் வயல். கிணறு இருந்தால் தோட்டம். மழையை நம்பி விதைத்தால் காடு. கொஞ்சம் மேடானால் மேட்டாங்காடு. விதைக்காமல் மேய்த்தால் கொறங்காடு. "காட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொன்னால் புலியைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று பொருளில்லை, களை வெட்டப் போயிருக்கிறார். தண்ணீர், மண், உழைப்பு மூன்றையும் பார்த்து வைத்த பெயர்கள் இவை. சூழல் மண்டலம் பிரிப்பது என்று இப்போது நிபுணர்கள் சொல்வது வேறென்ன? ஐந்திணையைப் பற்றி விழா மேடையில் முழங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கி நாலு கல் போனால் வாழ்கிற பிரிவினை இருக்கிறது, அதற்கு ஒரு கலம்கூடப் படிவத்தில் இல்லை.

படித்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓய்வுக்குப் பிறகு பேரன் உதவியோடு இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனம் இந்தியாவை 20 வேளாண் சூழல் மண்டலங்களாகவும், அவற்றை 60 உள்மண்டலங்களாகவும் பிரித்திருக்கிறது. மாவட்ட எல்லையிலிருந்து தொடங்காமல், மண், நில அமைப்பு, மழை, வெப்பம் இவற்றிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'வளர்காலம்' என்கிற கணக்கு. வருசத்தில் எத்தனை நாள் ஒரு செடி தானாக வளர முடியும்? வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரில் பாதியாவது மழையாக விழும் நாட்களை எண்ணி, மழை நின்ற பிறகு மண்ணில் தேங்கிய ஈரம் தாங்கும் நாட்களையும் அதோடு சேர்க்கிறார்கள். எங்கள் மேட்டு நிலங்கள் அடங்கிய உள்மண்டலத்துக்கு அது 90 முதல் 120 நாள். படித்தபோது சிரிப்பு வந்தது. கொறங்காட்டுக்காரன் இதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துதான் வைத்திருந்தான். மூன்று நாலு மாதம் புல், மீதிக்குக் காய்ந்த புல்லும் வேலங்காயும் என்று வைத்த கணக்குத்தான் அவன் காடு.

தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையில் ஏழு மண்டலங்கள் சொல்வார்கள்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிமழை, மலை. நாங்கள் மேற்கு மண்டலம். விதை ரகம் பரிந்துரைக்க அது போதும். மேய்ச்சல் எங்கே, கிணற்றுப் பாசனம் எங்கே, எங்கே நிலத்தடி நீர் தீர்ந்துவிட்டது என்பதற்கெல்லாம் அது போதாது. (எங்கள் ஊரில் 'மண்டலம்' என்று சொன்னால் நிபுணர் நினைப்பது யாருக்கும் புரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். "உங்களுக்கு எத்தனையாம் மண்டலம்?" என்றால் தண்ணீர் எப்போது வரும் என்று அர்த்தம்.)

வனத்துறைக்காரர்கள் கையில் இருப்பது வேறு வரைபடம். சாம்பியன், சேத் இருவரும் 1968-ல் வகுத்த காட்டு வகைகள். அதன்படி எங்கள் பக்கம் முட்காடு. உலக அளவில் போட்ட சூழல் மண்டல வரைபடத்திலும் தக்காண முட்புதர்க் காடு என்றுதான் நிறம் தீட்டியிருக்கிறார்கள். முட்காடு என்று பெயர் வைத்தவுடன் என்ன ஆகிறது? மரம் அடர்ந்திருந்தால் நல்ல காடு, புல் தெரிந்தால் கெட்டுப்போன காடு என்று ஆகிவிடுகிறது. புல்லும் மரமும் கலந்த வெட்டவெளியே ஒரு தனி வாழிடம் என்பது அந்த வண்ணத்தில் மறைந்துவிடுகிறது. பிறகு தரிசு நில வரைபட ஏடு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட பதிப்பு, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் தரிசு என்கிறது. உள்ளே 23 வகைகள். புதர் நிலமும் அதில் அடக்கம். கௌதாரி முட்டையிடுவது புதர் நிலத்தில்தான். அதைத் தரிசு என்று அச்சடித்து வைத்திருக்கிறோம்.

மறுபக்கத்தில் நல்ல வேலையும் நடந்திருக்கிறது. எம்.டி. மதுசூதன், அபி வனக் என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து, நாட்டின் வறண்ட பகுதிகளில் இப்படிப்பட்ட இயற்கையான வெட்டவெளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தனியாக ஒரு வரைபடம் போட்டார்கள். சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. ஆக, செயற்கைக்கோளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. மாசியில் எடுத்த படத்தையும் கார்த்திகையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெற்று மண்ணையும் கொறங்காட்டையும் ஒரு பள்ளிக்கூடப் பையன் பிரித்துவிடுவான். படத்தின் ஓரத்தில் நிறத்துக்கு எதிரே பெயர் எழுதுகிறோமே, அங்கேதான் கோளாறு.

மூன்று வருசத்துக்கு முன் அந்தக் கோளாறு என் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. சூரிய மின்சாரத்துக்கு நிலம் பார்க்கும் ஒரு நிறுவனத்தின் சார்பில் இரண்டு தம்பிகள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், மோர் கொடுத்தேன். கையில் டேப்லெட். எங்கள் கிராமம் முழுக்க அதில் இருந்தது. தோட்டங்கள் பச்சை, குடியிருப்பு சிவப்பு, கொறங்காடுகள் எல்லாம் வெளிர் மஞ்சள். "மஞ்சள் எல்லாம் வேஸ்ட்லேண்ட் சார். சாட்டிலைட்லயும் அப்படித்தான் வருது, ரெவின்யூ ரெக்கார்டும் அதுதான் சொல்லுது" என்று ஒரு தம்பி கோப்பைத் திறந்து காட்டினான். பழைய அடங்கலின் நகல். தரிசு, தரிசு, தரிசு என்று நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே போகிறது. கீழே என் கையெழுத்து. அப்போது நான் 'ர' போடும்போது கீழே ஒரு வால் இழுப்பேன். அந்த வால்கூட நகலில் தெளிவாக விழுந்திருந்தது.

படல் திறந்த அந்தப் பெரியம்மா காலமாகிவிட்டார். அவர் மகன்கள் காட்டைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மாட்டுக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், ஏக்கருக்கு இத்தனை என்று ரொக்கமாக வருகிறது. ஜேசிபி வந்து கிளுவை வேலியை ஒரே காலையில் பிடுங்கியது. வேலிக்குள் இருந்த முயலும் உடும்பும் தார்ச்சாலையைக் கடந்து ஓடியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சூரியத் தகடு அமைக்க 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே யாரும் எதையும் மீறவில்லை, எல்லாம் முறைப்படி நடந்தது. சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியா என்றால் இல்லை; என் வீட்டுக் கூரையிலேயே போட்டிருக்கிறேன். உண்மையிலேயே ஒன்றும் முளைக்காத கல்லாங்குத்து நாலு கல் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே மஞ்சள். அப்புறம் தம்பிகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

மரம் நடும் கதையும் அதேதான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நல்லது. குழி தோண்ட இடம் தேடும்போது 'காலி நிலம்' பட்டியலில் முதலில் வருவது மேய்ச்சல் வெளி. எங்கள் பக்கத்து ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் வரிசையாகக் குழி வெட்டி, புங்கனும் நாவலும் நட்டு, கம்பிவேலி போட்டு, ஆடு நுழையக் கூடாது என்றார்கள். வைகாசி வரைக்கும் தண்ணீர் லாரி வந்தது. பிறகு வரவில்லை. நாவல் எல்லாம் காய்ந்துவிட்டது. வேலி மட்டும் இருக்கிறது.

பெயர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி உண்டு. திருப்பூருக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளம். ஒரு காலத்தில் கழிவு நீர் சேரும் இடம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்தவர்கள் பலர். பறவை பார்ப்பவர்கள் வருசக்கணக்காக எண்ணி எண்ணிக் குறித்து வைத்தார்கள். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று; 2024-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. இப்போது அதில் கை வைக்க யாரும் இரண்டு முறை யோசிப்பார்கள். அதேபோல் 2022-ல் கடவூர் மலையில் தேவாங்குக்குச் சரணாலயம் அறிவித்தார்கள். அது கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலும் விழுகிறது. தேவாங்கு இருக்கும் காடு எதுவரை என்று பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள்; மாவட்டக் கல்லைப் பார்த்து நிறுத்தவில்லை. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீருக்கும் மலைக்கும் கிடைத்தது, எங்கள் புல்லுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வரைபடம் போடுவதில் ஒரு சிக்கலையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2011-ல் மாதவ் காட்கில் குழு சுமார் 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் போட்டுத் தரம் பிரித்தது. 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு 24 மீட்டர் நுணுக்கத்தில் செயற்கைக்கோள் படத்தை எடுத்து, கிராமத்தை அலகாக வைத்தது. அந்த மலைப்பகுதியைச் சூழல் ரீதியாகப் பாதுகாக்க வேண்டிய பகுதியாக அறிவிப்பதற்கு 2014-லிருந்து 2024-க்குள் மத்திய அரசு ஆறு முறை வரைவு அறிவிக்கை வெளியிட்டுவிட்டது. ஏன் இழுக்கிறது? அரசியல் இருக்கிறது, கல்குவாரி இருக்கிறது, அதெல்லாம் தெரிந்ததுதான். ஒரு மணியகாரனுக்குத் தெரிவது இன்னொன்று. நிபுணர் கட்டம் போடுகிறார், குடியானவன் "என் புல எண் உள்ளேயா வெளியேயா?" என்று கேட்கிறான். அதற்குப் பதில் சொல்லாத வரைபடத்தைப் பார்த்து அவன் பயப்படுகிறான். பயந்தவனை யார் வேண்டுமானாலும் தெருவில் இறக்கலாம். அதற்காகக் கிராம எல்லையையே இயற்கை எல்லை என்று வைத்தாலும் தப்பு. ஒரே கிராமத்தில் வாய்க்காலுக்குக் கீழே வயல், மேலே கொறங்காடு. மண்ணையும் புல்லையும் மழையையும் பார்த்துக் கோட்டைப் போடட்டும். போட்ட பிறகு அந்தக் கோடு எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று எழுதி, கிராம சபையில் ஒட்டட்டும். முன்பின்னாக இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று பலிக்காது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடங்கலிலும், இப்போது கைபேசியில் புல எண் புல எண்ணாகப் போய்ப் படமெடுத்துப் பதிகிறார்களே அந்தப் பயிர்க் கணக்கெடுப்பிலும், பட்டா நிலத்துக்குக் 'கொறங்காடு' என்றோ 'மேய்ச்சல்' என்றோ ஒரு சொல்லைச் சேர்க்கட்டும். பட்டியலில் இல்லாததைப் பதிய அந்தப் பிள்ளைகளுக்கு வழியில்லை. எனக்கு அன்றைக்கு இல்லாதது போலத்தான். ஒரு பசலி முழுக்க ஒழுங்காக எழுதினால் காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் எத்தனை ஏக்கர் மிஞ்சியிருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரியும். அதற்குப் பிறகு அதை என்ன செய்வது என்று பேசலாம்: புல் காட்டை வைத்திருப்பவனுக்கு ஏதாவது ஊக்கத்தொகை கொடுக்கலாமா, தகடு போடுகிறவர்களைக் கல்லாங்குத்துப் பக்கம் திருப்பலாமா என்று. எண்ணாமலேயே இதையெல்லாம் பேசி என்ன பயன்? வரைபடம் போட வருகிறவர்கள் வைகாசியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை வரட்டும். கூடவே ஆடு மேய்க்கிற ஒருவரை நடத்திக் கூட்டிப் போகட்டும். எந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் நின்று வேறு புல் ஆரம்பிக்கிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

தங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மழைக் கட்டத்தில் அந்தத் தடித்த எழுத்துச் சராசரியை எடுத்துவிடுங்கள். காங்கேயம் இவ்வளவு, மூலனூர் இவ்வளவு, அமராவதி அணை இவ்வளவு என்று மழைமானி வாரியாக இருப்பதே போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.

கார்த்திகை மழைக்குப் பத்து நாள் கழித்துத் தங்கள் நிருபரை அனுப்பினால் எங்கள் காட்டைக் காட்டுகிறேன். என் தம்பி மகன் இன்னும் நாலு ஏக்கரை விற்காமல் வைத்திருக்கிறான். மூன்று மாடும் ஒரு காரிக் கன்றும் நிற்கின்றன. நிருபரிடம் ஒன்றுதான் சொல்லி அனுப்பவும். உள்ளே போனதும் படலைச் சாத்த மறந்துவிட வேண்டாம். அந்தக் கன்று கடவு திறந்திருந்தால் போதும், தார்ச்சாலைக்கு ஓடிவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
காங்கேயம் வட்டம்.